பேயிடம் பேர் கேட்கச் சொன்னது யார்?

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்து வீட்டார் கூடும் செபக் குழுவில்) ஓர் அண்ணன் மைக் வைத்து விடுதலை செபம் நடத்துகிறார். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்களின் தலையில் கைவைத்து, "பேர் சொல்லு" என்று அதட்டுகிறார். பங்குசாமிக்கு வர நேரமில்லையாம். கத்தோலிக்கப் பொதுநிலையினர், அதாவது குருவல்லாத விசுவாசிகள், பேயோட்டலாமா?
– வாசகர், ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: கூடாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1172ஆம் எண்ணைப் பாருங்கள். ஆயர் தனிப்பட்ட முறையில், வெளிப்படையாக அனுமதி தராவிட்டால் சாமியாரே பேயோட்ட முடியாது. அந்த அனுமதியையும் பக்தி, அறிவு, விவேகம், நேர்மை உள்ள குருவுக்குத்தான் ஆயர் கொடுக்கலாம். உங்கள் அண்ணனுக்கு அதில் இடமே இல்லை.

எனக்குக் கோபம் வருவது அந்த மைக்கைப் பார்த்துத்தான்.

மைக் செட்டைப் பற்றி நான் எழுதாத வருடம் கிடையாது. கோயில் திருவிழா, காதுகுத்து, சர்ச், பள்ளிவாசல் என்று எல்லாருக்கும் சேர்த்தே எழுதி, எல்லாரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் செபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நம் சந்துகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் பேயோட்டுகிற இடத்தில் மைக் செய்கிற கொடுமை வேறு. மதுரையில் ஒரு சந்தில் நானே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

சின்னப் பெண். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, நைட்டியோடு கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு விடாமல் பேர் கேட்டார். அப்படி நெருக்கினால் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு பேரைச் சொல்லித்தான் தப்பிக்கவேண்டும். அவள் சொன்னது, அதே சந்தில் முந்தின வருடம் தூக்குப்போட்டுச் செத்துப்போன பெண்ணின் பேர். ஸ்பீக்கரோ செத்த பெண்ணின் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் கட்டியிருந்தது. தாயார் இட்லி மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து, "எம்புள்ள யாரையும் பிடிக்காதுய்யா" என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதும் ஒருவரும் மைக்கை அணைக்கவில்லை.

செத்தவர் ஆவி வந்து பிடிக்கும் என்று திருச்சபை போதிப்பதில்லை. மனிதர் ஒரே முறை சாகிறார், பின்பு தீர்ப்பு என்கிறது எபிரேயர் 9:27. அப்படியிருக்க, அந்தத் தாய்க்கு மகளை இரண்டாம் முறை சாகக்கொடுக்க இவர்கள் யார்?

பேர் கேட்பதை உரோமையே தடுத்திருக்கிறது. 1985 செப்டம்பர் 29 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டிருக்கிறார். பேயை நேரடியாக விளித்து அது யாரென்று கேட்கிற கூட்டங்களை அனுமதியில்லாதவர்கள் நடத்தக்கூடாது, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட பேயோட்டும் செபத்தைப் பொதுநிலையினர் பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது.

"என் பெயரால் பேய்களை ஓட்டுவர் என்று மாற்கு 16இல் இல்லையா? இயேசுவே ஒரு மனிதனைப் பிடித்திருந்த இலேகியோன் என்ற பேயிடம் பேர் கேட்டாரே?" என்று அண்ணன் கேட்பார். கேட்டார்தான். ஆனால் அந்த மனிதன் ஆடையுடுத்தி, தெளிந்த அறிவோடு உட்கார்ந்திருந்ததுதான் மாற்கு 5 காட்டும் முடிவு. அவனை அவன் வீட்டாரிடமே அனுப்பிவைத்தார். உங்கள் கூட்டம் முடிந்தபின் அந்தப் பெண் எந்த முகத்தோடு தெருக்குழாய்க்குப் போவாள்? அண்ணன் திருத்தூதர் பணிகள் 19ஐயும் வாசிக்கட்டும். ஸ்கேவாவின் ஏழு மகன்கள் இயேசுவின் பேரைச் சொல்லிப் பேயோட்டப் போய், அடிபட்டு ஆடையில்லாமல் ஓடிய கதை அங்கே இருக்கிறது.

பொதுநிலையினரைத் திருச்சபை மட்டமாக நினைக்கிறது என்று யாரும் சொல்லவேண்டாம். உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. 1606இல் இயேசு சபைக் குரு தே நொபிலி மதுரைக்கு வந்த காலம் தொட்டு இந்தச் சுற்றுவட்டாரத்தில் சாமிமார் குறைவு. ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக்கொடுத்ததும், சாகக்கிடந்தவர் பக்கத்தில் இருந்ததும் குருவல்லாத உபதேசியார்கள்தான். அவர்களைப் பற்றி நம் பங்கு மலர்களில் ஒரு பக்கம்கூட வருவதில்லை. கட்டடத்துக்கு நன்கொடை தந்தவர் படம் மட்டும் அட்டையில் வருகிறது. உபதேசியார் செய்த வேலையை நீங்களும் செய்யுங்கள். அந்த வீட்டில் போய் உட்காருங்கள், செபமாலை சொல்லுங்கள், தூய மிக்கேலிடம் மன்றாடுங்கள், "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று கடவுளைப் பார்த்துக் கேளுங்கள். இப்படிப்பட்ட மன்றாட்டை அதே 1985 கடிதம் ஊக்குவிக்கிறது.

அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வலிப்பு, பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் இன்று மருந்து இருக்கிறது. நோயா இல்லையா என்று உறுதி செய்துகொள்ளாமல் பேயோட்டக்கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி 1673ஆம் எண்ணே சொல்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். பேய் என்றும் பில்லிசூனியம் என்றும் நம்பி வீட்டார் கொண்டுபோய் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதை மறந்துவிட்டு இன்னும் உடுக்கைக்காரரையும் மைக்காரரையும் தேடி ஓடுகிறோம்.

கடைசியாக, பங்குசாமிக்கு நேரமில்லை என்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது மாடி எழுப்ப நேரம் இருக்கிறவருக்கு, பயந்துபோன ஒரு குடும்பத்தின் வீட்டில் அரை மணி நேரம் உட்கார நேரம் இருக்கவேண்டும். சாமியார் வராத வீட்டில்தான் மைக் நுழைகிறது. இந்தப் பக்கத்தை வெட்டி அவரிடம் கொடுங்கள். ஒரு வாரத்தில் அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்றால் அன்பியத்தார் எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பேராயருக்கு எழுதுங்கள்.