பந்தி விசாரணை

அன்புள்ள ஐயா,

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு ஒரு கிறிஸ்தவ நிவாரண அமைப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பிவருகிறேன். போன வாரம் பேரன் அவர்களுடைய இணையதளத்தில் 'சீனியர் லீடர்ஷிப் டீம்' என்று ஒரு பக்கத்தைக் காட்டினான். கோட்டு போட்ட ஒன்பது பேர். ஒருவர் நிதிக்கு, ஒருவர் திட்டங்களுக்கு, இன்னொருவர் 'பீப்பிள் அண்ட் கல்ச்சர்' டைரக்டராம். எனக்குச் சுருக்கென்றது. இயேசுவுக்குப் பன்னிரண்டு மீனவர்கள் போதுமாயிருந்தார்கள். அரிசியும் பாயும் கொடுக்க ஒன்பது அதிகாரிகள் எதற்கு? என் பணம் இவர்கள் சம்பளத்துக்குத்தான் போகிறதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை (பெயர் வேண்டாம்),
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு திருத்தம். பன்னிரண்டு பேரும் மீனவர்கள் இல்லை. மத்தேயு ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர். பணப்பை யூதாஸிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்தும்வந்தான் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். கணக்கைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டுமா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிட்டது.

நீங்கள் கேட்கும் 'டீம்' எப்படி முளைத்தது என்பதும் வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள், ஆறாம் அதிகாரம். எருசலேமில் முதல் கிறிஸ்தவர்களிடையே தினமும் பங்கீடு நடக்கிறது. கிரேக்கம் பேசுகிற யூதர்களின் விதவைகள் மட்டும் விடுபட்டுப்போகிறார்கள். முறுமுறுப்பு கிளம்புகிறது. நாங்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டுப் 'பந்திவிசாரணை' செய்வது சரியல்ல, ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்கிறார்கள் அப்போஸ்தலர்கள், இயேசுவின் முதன்மைச் சீடர்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர்... ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்திலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பந்தி விசாரணை என்றால் என்ன என்று கல்யாண வீடு தெரிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடைசி இலைக்குச் சாம்பார் வந்ததா என்று பார்ப்பது.

அந்தக் கடைசி இலையை நான் ஒருமுறை பக்கத்தில் பார்த்திருக்கிறேன். 2005 ஜனவரி, கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். சுனாமி அடித்து மூன்று வாரம் இருக்கும். எங்கிருந்தோ லாரியில் வந்த பழந்துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது, ஆடு படுத்திருந்தது. ஒரு அமைப்பின் தொண்டனாகப் பாத்திரப் பெட்டி கொடுக்கப் போயிருந்தேன். ஒரு பெட்டியில் ஸ்டவ், குண்டான், கரண்டி, நான்கு தட்டு. கையில் ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியல். அது தலைக்கட்டுக் கணக்குப்படி எழுதியது. கல்யாணமாகி ஊர்வரி கட்டுகிற ஆண்தான் தலைக்கட்டு. கூடையில் மீன் விற்கிற ஒரு அம்மா வரிசைக்கு வெளியே, வேலிப் பக்கமாக நின்றிருந்தார். புருஷன் இறந்து பல வருஷம். "என் பேரு இல்லியா தம்பி?" என்றார். இல்லை. அவரைப்போல இன்னும் சிலர். குப்பத்துக்கு மேற்கே இருந்த இருளர் குடிசைகள் பட்டியலிலேயே வரவில்லை. அவர்களிடம் படகே இல்லையே, என்ன இழப்பு என்றார்கள்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். "ஊர் கொடுத்த லிஸ்ட், அதுல கை வைக்காதீங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவருக்கு மேலே யார் என்று கேட்டேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. எல்லாம் 'பிரதர்' பார்த்துக்கொள்வார், அவர் வெளியூர் போயிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த அமைப்பில் ஒன்பது பேர் இல்லை, ஒரே ஒருவர். வேனில் ஆறு பெட்டி மிச்சமிருந்தது, பட்டியல்படி சரியாகக் கொடுத்ததால். அதைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

அதனால் ஒன்பது படங்கள் எனக்கு உறுத்தவில்லை. ஒரே படம் இருந்தால்தான் உறுத்தும். வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்பை 1950-ல் தொடங்கிய பாப் பியர்ஸ் நிர்வாகக் குழுவோடு ஒத்துப்போகாமல் 1967-ல் விலகினார். தொடங்கியவர் போன பிறகும் அமைப்பு நின்றது. காரித்தாஸ் இன்டர்நேஷனாலிஸ் கதை இன்னும் சுவாரசியம். 160-க்கு மேற்பட்ட கத்தோலிக்க அமைப்புகளின் கூட்டமைப்பு அது. 2022 நவம்பரில் போப் பிரான்சிஸ் அதன் தலைமையை மொத்தமாக நீக்கி, தற்காலிகமாக ஒரு நிர்வாகியைப் போட்டார். பணம் களவு போனதாகத் தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. குறை நிர்வாகத்தில், ஊழியர்கள் நொந்துபோயிருந்தார்கள். உங்களுக்கு உறுத்திய, ஊழியர்களைக் கவனிக்கிற அந்தப் 'பீப்பிள் அண்ட் கல்ச்சர்' சமாசாரம்தான்!

சரி, சம்பளம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தியபோது நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பை 20 ஆக்கினார்கள். டைரக்டர் சம்பளம், ஆபீஸ் வாடகை எல்லாம் அதற்குள்தான். ஆனால் இது வெளிநாட்டுப் பணத்துக்கு. உங்கள் ஆயிரம் ரூபாய் உள்ளூர்ப் பணம், அதில் எவ்வளவு எதற்கு என்பதை ஆண்டறிக்கையில் தேடவேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். "நாங்கள் நிர்வாகத்துக்குச் செலவே செய்வதில்லை" என்று பெருமையடிக்கிறவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். பட்டியலைச் சரிபார்க்க ஆளுக்குச் சம்பளம் வேண்டாமா?

அப்புறம் ஒன்று. ஒன்பது பேரில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் புயலோ வெள்ளமோ பார்த்த ஊர்க்காரர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பேரனைத் திரும்ப அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், உங்கள் கையெழுத்தில். தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மா பெயர் பட்டியலில் விடுபட்டால் யாரிடம் சொல்லவேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கீழே யார் கையெழுத்து போட்டிருக்கிறார் என்று பார்க்கவேண்டும்.