ஜெட் யாருக்கு?

கேள்வி: நண்பர்கள் மூவர் ஒரே அணியாக, சிமுலேட்டரில் தொடர் ஓட்ட விமானப் பந்தயத்தில் கலந்துகொள்கிறோம். தூரங்கள் 600, 250, 100 கடல் மைல். ஒரு ஜெட், ஒரு டர்போப்ராப் (டர்பைன் என்ஜின் சுழற்றும் விசிறியால் பறப்பது), ஒரு பிஸ்டன் விமானம் (கார் என்ஜின் போன்ற என்ஜின் கொண்டது). எதையும் இரண்டு முறை பறக்கவிடக் கூடாது. கடைசிக் கட்டம் மலைகளுக்கு நடுவே குட்டை ஓடுபாதையில் முடிகிறது. ஜெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முந்தலாம் என்கிறார் எங்கள் அணியின் கெட்டிக்கார விமானி. விதியே அநியாயம் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?

பதில்: பந்தய விதியைத் திட்டாதீர்கள். வெவ்வேறு திறனுள்ள விமானங்கள் ஒரே பந்தயத்தில் பறப்பது புதிதல்ல. 1934-இல் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்திலேயே வேகத்துக்கு ஒரு பரிசு, விமானங்களின் திறனை ஈடுசெய்து கணக்கிட்ட நேரத்துக்குத் தனிப் பரிசு என்று இரண்டு இருந்தன. முதலில் வந்தது காமெட் என்ற பந்தய விமானம். பயணிகளோடு பறந்த டிசி-2 அதற்கு அடுத்ததாக வந்து, திறனை ஈடுசெய்து தந்த அந்தத் தனிப் பரிசைத் தட்டிச் சென்றது!

இனி உங்கள் கெட்டிக்காரரின் யோசனை. ஜெட் 400 நாட் (மணிக்கு 400 கடல் மைல்), டர்போப்ராப் 250, பிஸ்டன் 120 என்று வைத்துக்கொள்வோம். ஜெட்டைக் கடைசிக்கு ஒதுக்கி, டர்போப்ராப்பை 600 மைலுக்கும் பிஸ்டனை 250 மைலுக்கும் அனுப்பினால் மொத்தம் 4 மணி 44 நிமிடம். ஜெட் 600, டர்போப்ராப் 250, பிஸ்டன் 100 என்று மாற்றினால் 3 மணி 20 நிமிடம். காகிதத்திலேயே 84 நிமிடம் மிச்சம்.

வானத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். 1,000 அடி இறங்க ஏறக்குறைய 3 கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடியிலிருந்து இறங்கவே 90 மைல் போய்விடும். ஆக 100 மைல் கட்டத்தில் ஜெட் உயரம் பிடிப்பதற்குள் மூக்கைத் தாழ்த்த வேண்டியதுதான். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்ற நிஜ உலக வரம்பை உங்கள் பந்தயமும் கடைப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். பிறகு அந்தக் குட்டை ஓடுபாதை. ஜெட் அதைத் தாண்டிப் போய் நொறுங்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

பிஸ்டனை அந்தக் கெட்டிக்காரரிடமே கொடுங்கள். முகம் சுளிப்பார். நீண்ட கட்டத்தில் பெரும்பகுதியைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும், எரிபொருளைச் சரியாக நிரப்பினால் போதும். கைத்திறன் தேவைப்படுவது மலையிடுக்கில்தான். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பிஸ்டன் என்ஜின் உயரம் ஏற ஏறச் சக்தி இழக்கும் என்பதால், பாதையிலுள்ள முகடுகளின் உயரத்தை முன்னதாகவே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று: இணையத்தில் இறக்கிய விமானக் கோப்பு என்றால், எந்தப் பதிப்பு அனுமதி என்று நடுவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்ஜினின் உந்துவிசையைக் கூட்டிவைத்த கோப்புகளும் அதே பெயரில் உலவுகின்றன.

அப்படியும் அவர் ஜெட்தான் வேண்டும் என்றால், வாதாட வேண்டாம். அந்த ஓடுபாதையில் ஐந்து முறை ஜெட்டை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.