எரிவாயு விலையும் கடற்படைத் தளமும்

கேள்வி: வாங்கிய சரக்குக்குப் பணம் கட்டாவிட்டால் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனம் எரிவாயுவை நிறுத்தினால் மட்டும் ஏன் அதை அரசியல் ஆயுதம் என்கிறீர்கள்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: உக்ரைன் பாக்கி வைத்திருந்தது உண்மைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் குழாயை மூடியதை விட்டுவிட்டு, விலையைப் போட்டது யார் என்று பாருங்கள்.

2010 ஏப்ரலில் இரு நாட்டு அதிபர்களும் கார்கிவ் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். உக்ரைனுக்கு ஆயிரம் கன மீட்டருக்கு 100 டாலர் வரை தள்ளுபடி. பதிலுக்கு, அப்போது உக்ரைனிடம் இருந்த கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் இருந்த ரஷ்யக் கடற்படை 2017-இல் கிளம்ப வேண்டியது, 2042 வரை தங்கலாம். அந்தத் தள்ளுபடி காஸ்ப்ரோமின் கல்லாவிலிருந்து போகவில்லை. ரஷ்ய அரசு தனக்கு வரவேண்டிய ஏற்றுமதி வரியை விட்டுக்கொடுத்தது. வாடிக்கையாளருக்காக அரசாங்கமே வரியைத் தள்ளுபடி செய்வதை வெறும் வியாபாரம் என்பீர்களா?

2013 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்திலிருந்து உக்ரைன் அதிபர் யானுகோவிச் பின்வாங்கினார். சில வாரங்களில், டிசம்பரில், விலை சுமார் 400 டாலரிலிருந்து 268.50-க்கு இறங்கியது. பிப்ரவரியில் அவர் பதவி போனது, மார்ச்சில் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் விலை 485.50 டாலர். டிசம்பர் சலுகையை எடுத்ததற்குப் பாக்கியைக் காரணம் சொன்னார்கள். கார்கிவ் தள்ளுபடியான மீதி 100 டாலரை எடுத்ததற்குச் சொன்ன காரணம் வேறு: கிரிமியாவே எங்களுடையது, இனி தளத்துக்குச் சலுகை எதற்கு?

இது எப்படிச் சாத்தியமாகிறது? எண்ணெயைக் கப்பலில் ஏற்றி யாருக்கும் விற்கலாம். குழாய் எரிவாயு குழாய் போகும் ஊருக்கு மட்டும்தான் போகும். நீண்டகால ஒப்பந்தங்களில், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பணம் கட்டியாக வேண்டும். வாங்கிய நாடு பக்கத்து நாட்டுக்கு மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருந்தது. இந்த ஒரு நிபந்தனைதான் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்க வழிவிட்டது. மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் அதை நீக்கச் சொல்லி ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது 2018-இல்தான்.

சேமிப்புக் கிடங்கையும் மறக்காதீர்கள். ஜெர்மனியின் ரேடனில் உள்ள நிலத்தடிக் கிடங்கு சுமார் 400 கோடி கன மீட்டர் கொள்ளளவு கொண்டது. அந்நாட்டின் மொத்தச் சேமிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2015-இல் அது காஸ்ப்ரோம் கைக்குப் போனது. குளிர்காலத்துக்காகக் கோடையில் நிரப்ப வேண்டிய அந்தக் கிடங்கு 2021 கோடை முழுக்க ஏறத்தாழக் காலியாகவே கிடந்தது. கிடங்கை நிரப்பாமல் விடுவது அன்று ஒப்பந்த மீறல் ஆகவில்லை. வழக்கும் போட முடியவில்லை. குழாயை மூடுவதைவிட இதுதான் ஆபத்தாக இருந்தது.

லாபம்தான் நோக்கம் என்றால் 2022-இல் ஐரோப்பியச் சந்தையை அவர்கள் இழந்திருக்க மாட்டார்கள். ரூபிளில் பணம் கேட்டு, மறுத்த போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் முடிவில், கடலடியில் ஜெர்மனிக்குப் போகும் நார்ட் ஸ்ட்ரீம் குழாயும் நின்றது. 2023-இல் காஸ்ப்ரோம் காட்டிய நஷ்டம் சுமார் 62,900 கோடி ரூபிள். சீனாவுக்குத் திருப்பிவிடலாமே என்பீர்கள். சீனாவுக்குப் போகும் குழாய் கிழக்குச் சைபீரிய வயல்களிலிருந்து கிளம்புகிறது. ஐரோப்பாவுக்கு விற்ற மேற்குச் சைபீரிய வயல்களுக்கும் அதற்கும் இணைப்பே இல்லை.