நாற்பதைத் தாண்டி அயன்மேன் தூரம்: வயது எவ்வளவு இழுக்கும், பெண்ணுக்கு எவ்வளவு பின்னடைவு?

கேட்டவருக்கு வயது 44, மனைவிக்கு 41. களுவாஞ்சிக்குடிக்காரர்கள், சைக்கிளும் ஓட்டமும் பழக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் நீண்ட தூர ட்ரையத்லனுக்கு இறங்கினால் வயது எவ்வளவு காலை வாரும், மனைவி எவ்வளவு பின்தங்குவார் என்று கேட்கிறார்.

மனைவி விஷயத்தை முதலில் பார்ப்போம். அயன்மேன் எனப்படும் முழுத் தூரம் என்பது 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், அதற்குமேல் ஒரு மரதன். 180 எவ்வளவென்றால், மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போய்த் திரும்பி ஏறக்குறைய கல்முனை வரை வர வேண்டும். 2024இல் ஜெர்மனியின் ரோத் போட்டியில் மக்னஸ் டிட்லெவ் இந்தத் தூரத்தை 7 மணி 23 நிமிடத்தில் முடித்தார். அதே நாளில், அதே பாதையில், பெண்களில் முதலாவதாக வந்த ஆன்னே ஹவுக் எடுத்தது 8 மணி 2 நிமிடம். வித்தியாசம் 39 நிமிடம், அதாவது ஒன்பது வீதம் அளவில். டிட்லெவுக்கு அப்போது 26 வயது. ஹவுக்குக்கு 41. உங்கள் மனைவியின் வயதேதான்!

அந்த ஒன்பது வீதத்துக்குக் காரணம் உடலமைப்பு. பெண்ணுக்கு இதயம் சிறிது, ஹீமோகுளோபின் குறைவு, தசையும் குறைவு. ஆனால் கொழுப்புச் சற்றுக் கூடுதலாக இருப்பதால் தண்ணீரில் கால் தாழாமல் மிதக்கும். நீண்ட நேர உழைப்பில் பெண்ணுடல் கொழுப்பை எரிபொருளாக எடுப்பதும் கூடுதல். அப்புறம், மரதனில் பெண்கள் பொதுவாக ஒரே சீராக ஓடுவார்கள். தொடக்கத்தில் பாய்ந்துவிட்டு முப்பதாவது கிலோமீற்றரில் நடப்பது பெரும்பாலும் நம் ஆண்கள்தான். ஆகவே உங்கள் வீட்டில் யார் முன்னுக்கு வருவார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி வயது. இந்தத் தூரத்தில் உச்சம் முப்பதுகளின் முதற்பாதியில் என்பார்கள். ஆனால் யான் ஃப்ரோடெனோ 2019இல் ஹவாயில் நடந்த அயன்மேன் உலகப் போட்டியை வென்றது 38 வயதில். உடல் உள்ளிழுத்துப் பயன்படுத்தும் ஒக்சிசனின் உச்ச அளவு, பயிற்சி இல்லாதவருக்குப் பத்தாண்டுக்குப் பத்து வீதம்போல இறங்கும். விடாமல் பயிற்சி செய்பவருக்கு ஏறக்குறைய அதில் பாதி.

இந்த இழப்பு மூன்று பகுதியிலும் ஒரே மாதிரித் தெரியாது. தட்டையான வீதியில் சைக்கிளுக்கு எதிரி காற்றுத்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்ட நிறையப் பலம் வேண்டும், அதனால் பலம் பத்து வீதம் குறைந்தாலும் வேகம் மூன்று நான்கு வீதம்தான் குறையும். அக்கரைப்பற்று வீதியில் நரைத்த தலைகள் இளம் பொடியன்களோடு ஒட்டிக்கொண்டு போவதன் ரகசியம் இதுதான். ஓட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. பலம் குறைந்த அளவுக்கு வேகமும் குறையும், ஒவ்வொரு அடியும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்காகக் காலில் இறங்கும். நாற்பதுக்குப் பிறகு முதலில் முறையிடுவது கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும். நெஞ்சு தயாராக இருக்கும், கால் வராது. எனவே ஓட்டத்தைக் கிழமைக்கு மூன்று நாளோடு நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தைச் சைக்கிளுக்குக் கொடுங்கள். பாரம் தூக்கும் பயிற்சி கிழமைக்கு இரண்டு நாள் இருவருக்கும் கட்டாயம். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும் பெண்ணுக்கு எலும்பைக் காப்பதற்கு அது இன்னும் முக்கியம்.

கடைசி எல்லை எங்கே என்றால், கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012இல் கனடாவில் 82 வயதில் முழுத் தூரத்தையும் முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018இல் ஹவாயில் 85 வயதில் 17 மணி நேரத்துக்குள் முடித்தார். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் நம் அம்மாமாரைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் வயதை விடப் பெரிய தொல்லை வெயில். வயது ஏற ஏறத் தாகம் பிந்தித்தான் தெரியும், வியர்வை இறங்குவதும் குறையும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் காலை எட்டு மணிக்குமேல் நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்புச் சேர்த்த தண்ணீரை அவ்வப்போது குடியுங்கள்.

தொடங்கமுன் நீங்கள் ஒரு ஈசிஜி எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். மனைவிக்கு ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீச்சலுக்குப் பாசிக்குடா நல்லது, வாவியில் முதலை இருக்கிறது.