கிரீன் கார்டுக்கு முன்பா, பின்பா?

கேள்வி: என் வீட்டுக்காரர் டெக்சாஸில் ஐடி வேலையில் இருக்கிறார். 2023 பிப்ரவரியில் அவர் லீவில் வந்தபோது திருச்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்தோம். ஜூலையில் அவருக்குக் கம்பெனி மூலம் கிரீன் கார்டு கிடைத்தது. செப்டம்பரில் மண்டபத்தில் கல்யாணம். பிறகு எனக்காக ஐ-130 (குடும்பத்தாரை அங்கே அழைத்துக்கொள்ளும் மனு) போட்டார். மனு அப்ரூவ் ஆகிவிட்டது, விசா வரவில்லை. தினமும் எழுந்ததும் கேஸ் ஸ்டேட்டஸைத்தான் பார்க்கிறேன். டூரிஸ்ட் விசாவில் போகலாம், "கல்யாணம் ஆகவில்லை என்று போடுங்கள், எளிதில் கிடைக்கும்" என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா? – திருச்சி வாசகி

பதில்: ஏஜென்ட் சொல்வதைச் செய்யாதீர்கள். அந்த விண்ணப்பத்தில் உங்கள் பெயரில் குடியேற்ற மனு ஏதும் இருக்கிறதா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஐ-130 அமெரிக்க அரசின் கணினியிலேயே கிடக்கிறது. பொய் சொல்லி விசா கேட்டால், பின்னால் மனைவி என்ற முறையில் போகும்போதும் வாழ்நாள் தடை குறுக்கே நிற்கும். உண்மையைச் சொல்லி விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைப்பது கடினம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு விஷயம்: பிப்ரவரி, ஜூலை, செப்டம்பர் என்ற வரிசை.

கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கான மனு எஃப்2ஏ என்ற பிரிவில் வரும். அதற்கு ஆண்டுதோறும் எண்ணிக்கை வரம்பு உண்டு, அதனால்தான் அப்ரூவ் ஆனபின்னும் வரிசை. அது, யாருடைய முறை வந்தது என்று அமெரிக்க அரசு மாதம் ஒருமுறை வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்துத்தான் நகரும். தினமும் ஸ்டேட்டஸ் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஆனால் வேலை வழியாகக் கிரீன் கார்டு பெற்றவருக்கு, அது கிடைப்பதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தால், மனைவி அவருடைய வரிசைத் தேதியிலேயே (வரிசையில் அவருக்கு இடம் தந்த தேதி) பின்தொடர்ந்து போகலாம். ஐ-130 தேவையில்லை. கணவர் அங்கே ஐ-824 படிவம் (தன் கிரீன் கார்டு ஒப்புதலைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கோருவது) போட வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும், புல்லட்டினில் அவருடைய பிரிவுக்கான தேதி அவருடைய வரிசைத் தேதியை எட்டியிருக்கவும் வேண்டும். ஆனாலும் இது தனி வாசல்.

சரி, உங்கள் திருமணம் எப்போது நடந்தது? திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி செல்லுமா என்றுதான் அமெரிக்கா பார்க்கும். இந்து திருமணச் சட்டப்படி, பதிவு செய்துவிட்டால் மட்டும் திருமணம் ஆகிவிடாது. சடங்கு நடந்திருக்க வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் அதே சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு 1968 முதல் இருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். பிப்ரவரியில் அப்படி ஏதாவது நடந்ததா? வீட்டிலோ கோயிலிலோ எளிமையாக முடித்துவிட்டுப் பதிவுக்குப் போனவர்கள் நிறைய பேர். ஒருவேளை 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, அந்த அலுவலகத்திலேயே திருமணம் முடித்திருந்தால் கேள்வியே இல்லை, அன்றே நீங்கள் கணவன் மனைவி.

சான்றிதழை எடுத்து எந்தச் சட்டம், திருமண நாளாக எந்தத் தேதி என்று பாருங்கள். பிப்ரவரியில் ஒன்றுமே நடக்காமல் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், தேதியை வசதிக்காக முன்னே தள்ளாதீர்கள், அதுவும் பொய்தான். அப்போது இருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பிப்ரவரிதான் உண்மை என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஐ-130-இல் அவர் எந்தத் தேதியைப் போட்டார், ஜூலைக்கு முன் எங்காவது "திருமணமாகாதவர்" என்று சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. கிரீன் கார்டு ஃபைலின் முழு நகலோடு அவர் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்து, முரண்பாடு இருந்தால் முதலில் அதை விளக்கிவிட்டு, அப்புறம் ஐ-824 போடட்டும். ஐ-130-ஐ வாபஸ் வாங்க வேண்டாம், அது பாட்டுக்குக் கிடக்கட்டும். 2028-இல் அவர் குடியுரிமை பெற்றால் அதே மனு வரம்பில்லாத பிரிவுக்கு மாறிவிடும்.

அதுவரை அவர் இங்கே வந்து போவதுதான் எளிது. ஒரு தடவைக்கு ஆறு மாதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். தாண்டினால் குடியுரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கில் கேள்வி எழும்.