படிப்பு விசாவிலிருந்து வேலை விசாவுக்கு: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் அல்ல, இங்கே இருக்கும் அம்மா அப்பாமார். எல்லோரும் கேட்பது "விசாவை மாத்தலாமா?" என்றுதான். அனேகமான நாடுகளில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. எந்தத் திகதிக்கு முன், எந்தத் திகதிக்குப் பின் என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

மகன் லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கிறார். செப்டெம்பர் கடைசியில் முடியும். ஒரு கொம்பனி இப்போதே வேலை தருகிறோம் என்கிறது. படிப்பை விட்டுவிட்டு மாறலாமா? (ஒரு தாய், நிலாவெளி)

படிப்பை விட வேண்டாம் அம்மா. இடையில் விட்டுவிட்டு வேலை விசாவுக்குத் தாவும் வழியை பிரித்தானியா 2023 ஜூலை 17ஆம் திகதியோடு மூடிவிட்டது. இப்போது ஒன்றில் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது வேலை தொடங்கும் திகதி படிப்பு முடியும் திகதிக்கு முந்தாமல் இருக்க வேண்டும். கலாநிதிப் பட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் 24 மாதம் முடித்தால் போதும்.

உங்கள் மகனுக்குப் பொருந்துவது இரண்டாவது. விண்ணப்பத்தைப் போட செப்டெம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வேலை தொடங்குவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூலை நடுவில் விண்ணப்பித்து, ஒக்டோபர் முதல் வாரத்தில் வேலை என்று போடலாம். கொம்பனியில் விஷயம் தெரியாத ஒருவர் ஸ்பொன்சர் சான்றிதழில் (வேலை விசாவுக்காகக் கொம்பனி கொடுக்கும் பத்திரம்) ஓகஸ்ட் 1 என்று அடித்துவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். சான்றிதழ் வந்ததும் சம்பளத்தைப் பார்க்க முதல் அந்தத் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்பளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல் திறன் வேலை விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண். மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவருக்கு 'புதியவர்' என்ற சலுகை உண்டு: 33,400 பவுண் அல்லது அந்த வேலைக்கென்று குறித்த சம்பளத்தின் 70 சதவீதம், இதில் எது கூடவோ அது. ஆனால் இந்தச் சலுகை மொத்தமாக நான்கு வருடத்துக்குத்தான், கிராஜுவேட் விசாவில் (படிப்பு முடிந்ததும் ஸ்பொன்சர் இல்லாமல் வேலை செய்ய விடும் விசா) இருந்த காலமும் அதற்குள் அடங்கும். ஆகவே கையில் உருப்படியான வேலை இருந்தால் நேரே மாறுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். "கிராஜுவேட் விசாவில் இரண்டு வருடம் இருக்குத்தானே" என்று ஆறுதலாக இருப்பவர்களுக்கும் ஒன்று: 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது.

மகள் பிரித்தானியாவில் படித்து முடித்தாள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஸ்பொன்சர் எடுத்துத் தருவதாக ஒருவர் இருபது இலட்சம் கேட்கிறார். காணியை ஈடு வைக்கலாமா? (ஒரு தந்தை, கிண்ணியா)

உறுதியைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

ஸ்பொன்சர் சான்றிதழ் விலைக்கு விற்கும் சாமான் அல்ல. 2024 டிசம்பர் 31 முதல், சான்றிதழுக்கான கட்டணத்தையோ கொம்பனியின் அனுமதிப்பத்திரச் செலவையோ வேலையாளின் தலையில் கட்டக் கூடாது. விசாக் கட்டணம் மட்டும் மகள் கட்ட வேண்டியது. அதை அவரே நேரடியாக அரசாங்கத்தின் இணையதளத்தில் கட்டுவார், இடையில் யாரும் தேவையில்லை.

பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அங்கேயே இருப்பவர்கள் 2028 ஜூலை 22 வரை மாறலாம். அதற்கு அந்த நிறுவனத்திலேயே குறைந்தது மூன்று மாதம் சட்டப்படி வேலை செய்திருக்க வேண்டும். உங்களிடம் காசு கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பார். அப்படிச் சொன்னால் போனை வைத்துவிடலாம்.

அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசாங்கத்தின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, வேலையும் உண்மையாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் அனுமதி பறிபோனால் பொதுவாக 60 நாள்தான் தருவார்கள். அதற்குள் வேறு ஸ்பொன்சர் கிடைக்காவிட்டால் வெளிக்கிட வேண்டியதுதான்.

மெல்பனில் படித்து முடித்து 485 விசாவுக்கு (படித்து முடித்தவர்களுக்கான தற்காலிக விசா) போட்டிருக்கிறேன். ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம், பத்திரகாளி அம்மன் கோயிலில். வந்து போகலாமா?

வரலாம் தம்பி, ஆனால் டிக்கெட்டுக்கு முன் பிரிட்ஜிங் பி விசாவை எடுங்கள். பிரிட்ஜிங் என்பது புதிய விசா முடிவாகும் வரைக்குமான இடைக்கால விசா; பி வகையில்தான் வெளியே போய்த் திரும்பலாம். மாணவர் விசா முடிந்ததும் உங்களுக்கு நடைமுறைக்கு வருவது பிரிட்ஜிங் ஏ. அதோடு வெளியே வந்தால் அதை வைத்துத் திரும்பப் போக முடியாது. பி விசாவை அவுஸ்திரேலியாவில் இருக்கும்போதே கேட்க வேண்டும், பயணத்துக்குக் காரணமும் காட்ட வேண்டும். கல்யாணக் காட் அதற்குப் போதுமான காரணம். அதில் போட்டிருக்கும் பயணக் காலம் முடிய முதல் திரும்பிவிடுங்கள். மறுவீடு, விருந்து என்று நாள் இழுபட்டால் சிக்கல்.

பிரித்தானியாவில் இந்த வசதியே இல்லை. உள்ளே இருந்து போட்ட விண்ணப்பம் முடிவாக முதல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. 485 முடிந்த பிறகு "திரும்ப ஒரு கோர்ஸில் சேர்ந்து இருப்போம்" என்ற பழைய வழி இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல், 485இல் இருப்பவர் அவுஸ்திரேலியாவுக்குள் இருந்து மாணவர் விசா கேட்க முடியாது. முதலாளி ஸ்பொன்சர் செய்யும் 482 விசாவுக்கு ஒரு வருட முழுநேர அனுபவம் வேண்டும். அதைக் கல்யாணம் முடிந்து போனதும் சேர்க்கத் தொடங்குங்கள்.

கனடாவில் படித்தவருக்கு மூன்று வருட வேலை அனுமதி என்கிறார்கள். என் பாஸ்போட் 14 மாதத்தில் முடிகிறது. பிரச்சினையா?

ஆம். பாஸ்போட் முடியும் நாளுக்கு அப்பால் அனுமதி தர மாட்டார்கள். முதலில் அதைப் புதுப்பியுங்கள். தூதரகம் வழியாகப் போட்டாலும் அது கொழும்புக்கு வந்துதான் போகும், நாள் எடுக்கும். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி அறிவித்ததிலிருந்து 180 நாளுக்குள் வேலை அனுமதிக்குப் போட வேண்டும் என்பதால் கடைசி நேரம் வரை விடாதீர்கள். இந்த அனுமதி வாழ்நாளில் ஒரு தடவைதான்.

ஜப்பானில் மொழிப் பாடசாலையில் படிக்கிறேன். ஏ.எல். வரைதான் படித்திருக்கிறேன். வேலை விசா கிடைக்குமா? (மூதூர்)

அலுவலக வேலைக்கான விசாவுக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டமோ ஜப்பானியத் தொழிற்கல்லூரித் தகுதியோ வேண்டும். உங்களுக்கு ஏற்றது 'குறித்த திறன்' விசாவின் முதல் வகை: தொழில்துறைப் பரீட்சை ஒன்று, என்4 (ஜப்பானிய மொழிப் பரீட்சையின் ஒரு தரம்) அல்லது அதற்கு நிகரான மொழிப் பரீட்சை ஒன்று. பட்டம் கேட்க மாட்டார்கள். விவசாயம், பராமரிப்பு போன்றவை இதற்குள் வரும்; பராமரிப்புக்கு மட்டும் இன்னொரு மொழிப் பரீட்சையும் வேண்டும். மொத்தம் ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது.

எனக்குப் பயம் பரீட்சையில் இல்லை, உங்கள் பகுதிநேர வேலையில். கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் அனுமதி, எத்தனை இடத்தில் செய்தாலும் சேர்த்து. விசா மாற்றும்போது வரிச் சான்றிதழைக் கேட்பார்கள், வருடத்தில் எவ்வளவு உழைத்தீர்கள் என்பது அதில் அப்படியே நிற்கும். வகுப்பு வரவையும் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் மாணவர் விசாவில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்யலாமா?

கூடாது. அது சுயதொழில். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் செய்தாலும் விதி மீறல்தான்.

கணவர் இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் முடிக்கிறார். நான் உப்புவெளியில் இருக்கிறேன். எப்போது போகலாம்?

2024 ஜனவரி 1 முதல் சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர்கள் துணையை எடுக்க முடியாது. அவர் கிராஜுவேட் விசாவுக்கு மாறினாலும் நீங்கள் புதிதாகச் சேர முடியாது தங்கச்சி. திறன் வேலை விசா கிடைத்தால் போகலாம். பராமரிப்பு வேலைக்கும் ஆள் தட்டுப்பாடு என்று தற்காலிகப் பட்டியலில் போட்டிருக்கும், பட்டத்துக்குக் குறைந்த தரத்து வேலைகளுக்கும் அந்த உரிமை இல்லை என்பதால், வேலை எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இப்போதே ஆங்கிலத்தில் எடுத்து வைக்கலாம். காசநோய்ப் பரிசோதனைக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். கொழும்பில் புலம்பெயர்வுக்கான சர்வதேச நிறுவனத்தின் நிலையத்தில்தான் அதைச் செய்வார்கள், சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். கணவரின் கைக்கு ஸ்பொன்சர் சான்றிதழ் வந்த பிறகு பஸ் ஏறினால் போதும்.