முதல் பவளத் தொட்டி: கடைக்காரர் தந்த பட்டியலில் எதை அடிப்பது?

கேள்வி: ஆறு வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். 120 லிட்டர் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கடல்நீர்ப் பவளத் தொட்டியாக மாற்ற ஆசை. கடைக்காரர் பதினான்கு சாமான்கள் கொண்ட பட்டியலை நீட்டுகிறார். முதல் நாளே நான்கு டாம்செல் மீன்களை விட்டால் தொட்டி பழகிவிடும், இரண்டாவது வாரம் பவளம் வைக்கலாம் என்கிறார். பட்டியலில் எது அவசியம்? அவர் சொல்வது சரியா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. இந்த டாம்செல் யோசனையை எத்தனை வருடமாகக் கேட்கிறேன், இன்னும் சாகவில்லை, டாம்செல்கள்தான் சாகின்றன.

மீனின் கழிவு தண்ணீரில் அம்மோனியாவாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே செவுள் வெந்து நீந்த வேண்டும். டாம்செல் முரட்டு மீன், தாங்கும் என்பார்கள். செத்தால் இன்னும் நான்கு விற்கலாம். பிழைத்தாலும் வியாபாரம்தான்: தொட்டி முழுக்கத் தன் பேட்டை என்று எண்ணிப் புதிதாக வரும் மீனையெல்லாம் கடித்து விரட்டும். அதைப் பிடிக்க நீங்கள் அடுக்கிய பாறையை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

மீனே இல்லாமல் இதைச் செய்யலாம். அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும்போது நிறுத்துங்கள். இப்படி விட்ட அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிற நாள் வரும். அன்றுதான் தொட்டி தயார். பாட்டில் பாக்டீரியா இதைக் கொஞ்சம் வேகப்படுத்தும். ஆனால் பாட்டில் மேல் அச்சிட்ட வாக்கியத்தை நம்பாதீர்கள், டெஸ்ட் கிட்டை நம்புங்கள்.

பட்டியலைத் தொடுமுன் ஒன்று கேட்கிறேன். அந்தப் பழைய தொட்டியில் எப்போதாவது வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தால் அந்தத் தொட்டியின் மணல், கல், பில்டர் எதையும் பவளத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகக் கக்கும். மீன் தாங்குகிற அளவு செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். என் முதல் தொட்டியில் மீனுக்குப் புள்ளி வந்தபோது, பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒருவர் மருந்து விற்றார். மறுநாள் காலை இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. புட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: செம்பு.

இனி பட்டியல். முதலிடம் தண்ணீருக்கு. ஆர்.ஓ. கருவியோடு, மிச்சத் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் சேர்ந்த வடிகட்டி வேண்டும், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. போதாது. பலவற்றில் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் வரும் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பாறையெல்லாம் பாசியாக்கிவிடும். அடுத்து, கடல் உப்புக் கலவையும், தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும். அந்தக் கருவியை 35 என்று குறித்த அளவுக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள், வெறும் தண்ணீரை வைத்து வேண்டாம். உப்பு ஆயிரத்துக்கு 35, அடர்த்தி 1.026: இந்த இரண்டு எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும்.

வற்றும் தண்ணீரை ஈடுகட்டும் தானியங்கி நிரப்பியை, ஆடம்பரம் என்று பாதிப் பேர் அடித்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். பாறை, மணல் போக உங்கள் தொட்டியில் நிஜத் தண்ணீர் 100 லிட்டர்தான் நிற்கும். நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம். போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 35 என்பது 37-ஐத் தாண்டியிருக்கும். இதைவிடப் பெரிய தவறு, குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றுவது. இரண்டு வாரத்தில் 28 லிட்டர் ஊற்றியிருப்பீர்கள், அதாவது 980 கிராம் கூடுதல் உப்பு. அளவு 45-ஐ நெருங்கிவிடும். எல்லாம் செய்தும் பவளம் விரியவில்லை என்று எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். வற்றியதற்கு நல்ல தண்ணீர், மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர்.

தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் இரண்டு சிறியவை, எதிரெதிரே. ஹீட்டர் அறையைப் பொறுத்தது. குறி 25 டிகிரி. வெயில் நாளில் ஏறினால் மேற்பரப்பில் ஒரு மின்விசிறி காற்று இரண்டு மூன்று டிகிரி இறக்கும், அதற்கேற்ப ஆவியும் கூடும். விளக்கு நீலம் அதிகமுள்ள பவளத்துக்கான எல்.ஈ.டி.யாக இருக்கட்டும். வாட்ஸ் எண்ணைக் காட்டி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். தொடக்கத்தில் வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் குறைவாக வையுங்கள்.

ஸ்கிம்மர். இதைத்தான் கட்டாயம், கட்டாயம் என்று தலையில் கட்டுவார்கள். தண்ணீருக்குள் மிக நுண்ணிய குமிழிகளை அனுப்பும் கருவி இது. அழுக்கிலிருக்கும் புரதம் குமிழியில் ஒட்டி, நுரையாக ஏறி, மேலே உள்ள கோப்பையில் பழுப்புத் தண்ணீராகச் சேரும். நல்ல கருவி, பெரிய தொட்டிக்கு நானே வாங்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். ஏனென்றால் உங்கள் 100 லிட்டரில் வாரம் 10 லிட்டர் மாற்றுவது ஒரு வாளி வேலை. அழுக்கைக் கட்டுக்குள் வைக்க அதுவே போதும். ஆனால் இந்தச் சலுகை சில நிபந்தனைகளோடுதான். மீன் இரண்டைத் தாண்டக் கூடாது. பவளம், கல் கூடு இல்லாத மென்பவளமாக இருக்க வேண்டும். தீனியைத் தாராளமாகக் கொட்டுகிற கை என்றால் சலுகை இல்லை. வாரத்தைத் தவறவிடுகிற ஆள் என்றாலும் இல்லை. நைட்ரேட்டைக் குறைக்க வினிகர், வோட்கா ஊற்றும் வித்தையை எங்கேயாவது படித்துவிட்டு ஆரம்பித்தீர்களானால் ஸ்கிம்மர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்: பாக்டீரியா பெருகி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், விடியும்போது மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மூடி போட்ட தொட்டியாக இருந்தால் மேற்பரப்பு கலங்கும்படி ஒரு வேவ்மேக்கரை மேலே திருப்பி வையுங்கள். ஏனென்றால் ஸ்கிம்மர் காற்றையும் கலந்து தரும். அது இல்லையென்றால் அந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும்.

பட்டியலில் மிச்சமுள்ள யூ.வி. விளக்கு, ரியாக்டர், டோசிங் பம்ப், சத்துப் புட்டிகள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். எந்தச் சத்தையும் அளக்காமல் ஊற்றக் கூடாது.

மீன் என்றால் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று. கடல் சாமந்தி இல்லாமலே அது நன்றாக வாழும். நீல டாங் கட்டைவிரல் அளவில் விற்கப்படும், வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். மாண்டரின் மீன் மிகச் சிறிய உயிருள்ள இரையைத் தேடித் தின்பது. புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். இரண்டையும் விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

சோப்புக்கட்டியின் உறையில்கூட எங்கே செய்தது என்று அச்சடித்திருக்கிறது. பிடிப்பவர், திரட்டுபவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று இத்தனை கை மாறிவரும் கடல் மீனுக்கு ஒரு சீட்டு கிடையாது. சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த மீன் கடையில் பளபளப்பாக நிற்கும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் போய்விடும். கண்முன்னே தின்று காட்டாத மீனை வாங்காதீர்கள். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2-வது பட்டியலில் இருப்பவை, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். இதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். வளர்ப்பவரிடமிருந்து சட்டப்படி வெட்டி வளர்த்த துண்டாக வாங்குங்கள்.

மீன் வந்து ஒரு மாதம் கழித்து, காளான் பவளம் ஒன்றில் தொடங்குங்கள். பொத்தான் போன்ற சோவாந்திட் பவளம் அழகுதான், ஆனால் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது. ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும்.

தொட்டியை வைக்கும் மேசை சுமார் 170 கிலோ தாங்க வேண்டும். எல்லா மின்கம்பியும் சுவிட்ச் பெட்டியைவிடக் கீழே தொங்கி, வளைந்து மேலேறட்டும். உப்புத் தண்ணீர் கம்பியோடு வழிந்தால் அந்த வளைவில் சொட்டி விழும், பிளக்குக்குள் போகாது.